ஓரத்தில் மின்னியது

குருநாதன் டாக்டர் பதினெட்டு வருடமாக, மார்பில் கட்டி என்று வந்த பெண்களுக்கெல்லாம் முழு மார்பையும் எடுத்துவிடுவதையே வழக்கமாக வைத்திருந்தார். கல்நெஞ்சுக்காரர் என்று வார்டில் பேசிக்கொள்வார்கள். உண்மையான காரணம் நெஞ்சு அல்ல, பஸ்.

கட்டியை மட்டும் வெட்டி எடுத்தாலே போதும் என்கிற நிலையில் பல பேர் வருவார்கள். ஆனால் வெட்டிய துண்டின் ஓரம்வரை புற்று வந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வந்திருந்தால் உடம்புக்குள்ளும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்க்கத் துண்டை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சன்னமாகச் சீவி, சாயம் ஏற்றி, லேபிலிருந்து ரிப்போர்ட் வர எட்டு நாள் ஆகும். மிச்சம் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் அந்தப் பெண் மறுபடியும் பெரம்பலூருக்கு வந்து படுக்க வேண்டும். மூன்று பஸ் மாறி வந்தவள், வீட்டில் சொல்லி, மாட்டுக்கு ஆள் பார்த்து வைத்துவிட்டு, இரண்டாம் முறையும் வருவாளா? ஒருத்தி வரவே இல்லை. இன்னொருத்தி இரண்டு வருடம் கழித்து வந்தாள், அப்போது கைவைக்க முடியாத அளவுக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு டாக்டர் யோசிப்பதையே விட்டுவிட்டார். மொத்தமாக எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வாள். அதற்கு மேல் பேச்சில்லை.

போன ஆடி மாதம் அந்த மருத்துவமனைக்கு ஒரு புது மைக்ரோஸ்கோப் வந்தது. அதைக் கட்டி மேய்க்க வெற்றிச்செல்வி வந்தாள். எறையூர்க்காரி, வயது இருபத்தேழு. அவள் அப்பா அய்யம்பெருமாளும் அம்மா காத்தாயியும் மற்றவர்கள் வயலில் கரும்பு வெட்டியே மகளைத் திருச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல்வரை படிக்க வைத்தவர்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ஒரு ஜன்னல் இல்லாத அறை கிடைத்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு அடுத்த கதவு. லைட் ரூம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், அவளுக்கு லைட்டுக்காரப் பொண்ணு.

அந்த மைக்ரோஸ்கோப்புக்குச் சாயம் வேண்டாம், மெழுகு வேண்டாம், எட்டு நாளும் வேண்டாம். வெட்டிய துண்டை ஈரம் காயாமல் கண்ணாடித் தட்டில் வைத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி துடித்துத் துடித்து அதன் மேல் விழும். செல்கள் தங்களிடம் இயல்பாக இருக்கும் சத்தை வைத்தே மங்கலான பச்சையில் ஒளிரும். செல்களைச் சுற்றியிருக்கும் நார்கள் திரையில் நீலமாகத் தெரியும். மற்றவர்கள் பச்சையைத்தான் பார்ப்பார்கள். வெற்றிச்செல்விக்கு நீலத்தின் மேல்தான் கண். நல்ல மார்பில் அந்த நார்கள் சுருள் சுருளாக, அவிழ்த்துவிட்ட கூந்தல் மாதிரி சோம்பலாகக் கிடக்கும். புற்று வெளியே கிளம்புகிற இடத்தில் அதே நார்கள் விறைத்து, நேராகி, கட்டியிலிருந்து குத்துக்குத்தாக நிற்கும். செல்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும். கட்டி பொய் சொன்னாலும் அதன் அக்கம்பக்கம் பொய் சொல்லாது என்பது அவளுடைய கட்சி.

படத்தை அலச ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராமும் கூடவே வந்திருந்தது. சந்தேகமான இடத்தில் சிவப்புக் கட்டம் போடும். எங்கெங்கோ உள்ள வெளிநாட்டு மருத்துவமனைகளின் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பாடம் படித்தது. கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் பெரம்பலூர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

முதல் முப்பது பேருக்கு மைக்ரோஸ்கோப் சும்மா பார்த்துச் சொல்லும், டாக்டர் தன் வழக்கப்படி முழுதாக எடுப்பார். எட்டு நாள் கழித்து வரும் லேப் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். முப்பதும் பொருந்தியது. முப்பத்தோராவது ஆளாக வந்தவள்தான் சிந்தாமணி.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் கொல்லை வைத்திருப்பவள். வயது முப்பத்தொன்பது, வாய்க்கு வயதே கிடையாது. இடது மார்பில் எலுமிச்சை அளவு கட்டி. தை மாதக் கடைசியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், புற்று என்று வந்தது. மாசி முதல் வாரம் டாக்டர் அவளை உட்கார வைத்து, முழுதாக எடுக்க வேண்டும் என்றார். பக்கத்தில் அவள் நாத்தனார் ஆண்டாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சிந்தாமணி அழவில்லை.

"ஏங்க சார், முந்திரி மரத்துல ஒரு கெளை பட்டுப்போனா அந்தக் கெளையத்தான கழிப்போம்? மரத்தையா சாய்ப்போம்?"

"திரும்ப வர மாட்டீங்கம்மா. அதான் பிரச்சன."

"வரேன்னு சொல்றேன்ல?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

ஏதோ தாள் கொடுக்க வந்திருந்த வெற்றிச்செல்வி அறை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே சொன்னாள்.

"சார், இவங்களுக்கு நம்ம மிஷின வெச்சுப் பாத்துடலாம் சார். முப்பதும் சரியா வந்திருக்கு. அனுமதியும் இருக்கு."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார். கட்டியை மட்டும் எடுப்பார். ஓரத்தில் சிவப்பு விழுந்தால் இன்னொரு சீவல் எடுப்பார். அந்தச் சீவலிலும் சிவப்பு விழுந்தால் அதே மயக்கத்தில் முழு மார்பையும் எடுத்துவிடுவார், பிறகு யாரும் சண்டைக்கு வரக் கூடாது. சிந்தாமணி கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து வெற்றிச்செல்வியின் முழங்கையைப் பிடித்தாள்.

"நீ சொன்னதத்தான் நம்பிப் படுக்குறேன். நல்லாப் பாத்துச் சொல்லு தாயி."

முகத்துக்கு நேரே இப்படி ஒருத்தி சொல்லிவிட்டுப் போனால் சோறு எப்படி இறங்கும்? வெற்றிச்செல்விக்கு அந்த வாரம் இறங்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை பத்தரை மணிக்கு நர்ஸ் பூமாலை கிண்ணத்தில் துண்டைக் கொண்டுவந்தாள். ஒரு சின்னக் கொய்யா அளவு. மேல் பக்கம் தெரியக் குட்டை நூல், வெளிப் பக்கம் தெரிய நெட்டை நூல் கட்டி அனுப்பியிருந்தார் டாக்டர். வெற்றிச்செல்வி உப்புத் தண்ணீரில் அலசி, கண்ணாடித் தட்டில் வைத்து, ஆறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேல், கீழ், உள், முன், பின். ஐந்து பக்கமும் சுத்தம். நீல நார்கள் எல்லாம் சுருண்டு படுத்திருந்தன.

ஆறாவது, நெட்டை நூல் கட்டிய வெளிப் பக்கம். படம் திரையில் விரிந்ததும் கம்ப்யூட்டர் சிவப்புக் கட்டத்தைப் போட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து. கட்டங்களுக்குள் மஞ்சள் கலந்த பச்சையில் கொத்துக் கொத்தாக என்னவோ மின்னியது. எந்தப் புற்றுச் செல்லும் அவ்வளவு பிரகாசமாக மின்னி அவள் பார்த்ததில்லை. ஆனால் ஓரத்தில் அப்படி மின்னினால் நிபந்தனை நிபந்தனைதான். போனை எடுத்துத் தியேட்டரில் சொன்னாள்.

எட்டு நிமிடத்தில் அதே பக்கத்திலிருந்து எடுத்த சீவல் வந்தது. விரல் அகலம். அதை வைத்தாள். முதல் துண்டில் ஐந்து கட்டம், இதில் பதினான்கு.

பூமாலை கதவில் நின்றாள். "டாக்டர் கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?"

வெற்றிச்செல்வி சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. சிவப்பு. அதைச் சொன்னால் அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் இடது பக்கம் வெறும் தழும்பாகிவிடும். கண் விழித்ததும் சிந்தாமணி கையைத்தான் முதலில் அங்கே கொண்டுபோவாள்.

"அஞ்சு நிமிஷம் கேளுக்கா."

"அவரு கையில கத்தி இருக்கு. அவருகிட்டப் போய் அஞ்சு நிமிஷம் கேக்கச் சொல்றியா?"

"கேளுக்கா, உன் கால்ல விழுறேன்."

பூமாலை தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

வெற்றிச்செல்வி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் துண்டின் ஓரம் கட்டிக்குக் கிட்டே. சீவல் கட்டியிலிருந்து இன்னும் தள்ளி, தோலுக்குக் கிட்டே. புற்று என்றால் தள்ளிப் போகப் போகக் குறைய வேண்டும். இது கூடியிருக்கிறது! கட்டியிலிருந்து வெளியே போகிற சங்கதி இல்லை இது. வெளியிலிருந்து உள்ளே வந்த சங்கதி.

பச்சையை அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் பார்த்தாள். நார்கள் விறைக்கவில்லை. மெல்லிய புது நார்கள் கொஞ்சம் முளைத்திருந்தன, காயம் ஆறுகிற இடத்தில் முளைப்பவை. சுற்றிலும் மற்றதெல்லாம் சுருண்டேதான் கிடந்தது. அந்த நீலத்துக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. நடுவில் பிளந்த உளுந்து மாதிரி, இரண்டு பாதியாக ஒளிர்கிற குட்டிக் குட்டி மணிகள். முப்பது பேரின் சதையில் ஒன்றில்கூட அப்படி ஒரு மணியை அவள் கண்டதில்லை. ஆனால் காலேஜில் கண்டிருக்கிறாள். உருளைக்கிழங்கைச் சீவி வைத்துப் பழகிய நாட்களில் மாவு மணிகள் இப்படித்தான் ஒளிரும். மார்புக்குள் மாவு எப்படி வரும்?

வெளிப் பக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஊசி நுழைந்ததும் அதே வெளிப் பக்கம்தான்.

கேஸ் தாளைப் புரட்டினாள். 'ஊசி போட்ட காயத்தில் எதுவும் வைக்கவில்லை' என்று கேட்டு எழுதியிருந்தது. அந்த வரியை அவள் நம்பவில்லை. காயத்தில் எதையாவது அப்பிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் குருநாதன் டாக்டர் வார்டே கிடுகிடுக்கக் கத்துவார். செட்டிகுளத்திலிருந்து வந்த ஒரு கிழவரை அவர் போன வாரம் விட்ட டோஸில், அடுத்த படுக்கைக்காரர்கூட விபூதியைத் துடைத்துக்கொண்டார். அதையெல்லாம் பார்த்த ஜனம் உண்மையைச் சொல்லுமா?

வெற்றிச்செல்வி வராந்தாவுக்கு ஓடினாள். ஆண்டாயி பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு துணிப் பை.

"ஏம்மா, ஊசி போட்ட எடத்துல எதாவது வெச்சீங்களா?"

"அய்யய்ய, இல்லங்க." ஆண்டாயி சட்டென்று எழுந்து நின்றாள். "டாக்டர் சொன்னா மாதிரியே சுத்தமா வெச்சிருந்தோங்க. ஒண்ணும் வெக்கலங்க."

மனப்பாடம் செய்த பதில். இன்னொரு முறை கேட்டாலும் இதேதான் வரும். வெற்றிச்செல்வி வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆண்டாயியும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா கரும்பு வெட்டப் போவுதுங்க, எறையூர்ல. கால்ல அருவா பட்டா மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொழச்சு அப்பிக்கிட்டு மறுபடியும் வெட்டப் போயிடும். ரத்தம் நின்னுடும்."

"சுண்ணாம்பா?" ஆண்டாயிக்குப் பொறுக்கவில்லை. "பச்சப் புண்ணுல யாரும்மா சுண்ணாம்பு வெப்பா? எரிஞ்சு போயிடாது? சுளுக்குக்குத்தான் சுண்ணாம்பு. புண்ணுக்குப் பச்ச மஞ்சள வெறுமன இடிச்சு, உள்ள போற மாதிரி அழுத்தி..."

நிறுத்திக்கொண்டாள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"எத்தன நாளும்மா வெச்சீங்க?"

"ரெண்டு நாளு. வூட்டுக்குப் போனதும் ரத்தமா கசிஞ்சுது. அவ வேணாம் வேணாம்னா. நாந்தான் கேக்காம பஞ்சால உள்ள அமுக்கி வெச்சேன். பொங்கப் பானையில கட்டுன கொத்து வூட்டுல இருந்துச்சு." அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. "நான் வெச்சதாலதான் எடுக்கப் போறாங்களா? என் தம்பி பொண்டாட்டிய நானே கெடுத்துட்டனா?"

"அழாதீங்கம்மா. நீங்க இப்ப உண்மையச் சொன்னீங்கல்ல, அதனாலதான் எடுக்காம இருக்கப் போறாங்க. அந்த மஞ்சள் இன்னும் இருக்கா?"

இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்கள் என்று தெரிந்து, கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று, கயிற்றில் கோத்துக் கட்டிவிட அதே கொத்திலிருந்து கிழங்கு கொண்டுவந்திருந்தாள் ஆண்டாயி. கட்டியது போக ஒரு விரல் நீளக் கிழங்கு பைக்குள் கிடந்தது.

அந்தக் கிழங்கோடு வெற்றிச்செல்வி ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று வராந்தாவிலேயே நின்றுவிட்டது. பிளேடால் கிழங்கைச் சன்னமாகச் சீவினாள், ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டாள், வைத்தாள். திரை பற்றி எரிந்தது. அதே மஞ்சள் கலந்த பச்சை. நீலத்தில் பார்த்தாள். நடுவில் பிளந்த உளுந்து, வரிசை வரிசையாக. ஒளியின் நிறத்தை அளந்து கோடாகப் போட்டுச் சீவலின் கோட்டின் மேல் வைத்தாள், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன.

சாயமே வேண்டாத மைக்ரோஸ்கோப்புக்கு ஆண்டாயி முன்கூட்டியே சாயம் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். அதைப் பார்த்ததும் கெட்டிக்காரக் கம்ப்யூட்டர் அலறியிருக்கிறது.

சிரிக்க நேரமில்லை. மஞ்சள் இருக்கிறது என்பது நிஜம். அதற்காகப் புற்று இல்லை என்று ஆகிவிடுமா? மின்னலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால்? வெற்றிச்செல்வி மஞ்சளின் ஒளியை மட்டும் வடிகட்டித் தள்ளிவிட்டு அந்தப் பத்தொன்பது இடத்தையும் ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தாள். செல்கள் கூட்டம் போடவில்லை. நார்கள் நிமிரவில்லை. ஒரே ஒரு இடத்தில் சந்தேகம் வந்து இன்னும் நெருங்கிப் பார்த்தாள், அது பாலைக் கொண்டுபோகிற சாதாரணக் குழாய்.

கதவைத் தள்ளிக்கொண்டு குருநாதன் டாக்டரே வந்தார். கையுறை போட்ட இரண்டு கையையும் எதன் மேலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அஞ்சு நிமிஷம்னு சொல்லிப் பதினேழு நிமிஷம் ஆச்சு. உள்ள சுரேஷ்குமார் மயக்க மருந்த கைல வெச்சுக்கிட்டு என்னத் திட்டுறான். சிவப்பா, இல்லையா?"

"சிவப்புதான் சார். ஆனா கேன்சர் இல்ல. மஞ்சள்."

"என்ன மஞ்சள்?"

"மஞ்சக் கெழங்கு சார். ஊசி போட்ட காயத்துல வெச்சிருக்காங்க."

டாக்டர் முகம் சிவந்தது. "ஒண்ணும் வெக்கலன்னு சத்தியம் பண்ணாளுங்களே! இந்த ஜனங்களே இப்படித்தான். வாயத் தொறந்தா பொய்!"

வேறு நாளாக இருந்தால் வெற்றிச்செல்வி தலையைக் குனிந்திருப்பாள். அன்று குனியவில்லை.

"வெச்சோம்னு சொன்னா நீங்க திட்டுவீங்க சார். அதான் சொல்லல."

பின்னால் வந்து நின்ற பூமாலை மூச்சை அடக்கிக்கொண்டாள். டாக்டர் திரைக்கு முன்னால் குனிந்தார். "காட்டு."

காட்டினாள். முதலில் கிழங்கு. அடுத்து சீவல். அடுத்து, இரண்டு கோடும் ஒன்றாகக் கிடந்ததை. கடைசியாகக் கட்டியின் நடுப்பகுதியைக் கொண்டுவந்தாள். அங்கே நீல நார்கள் ஈட்டி மாதிரி நிமிர்ந்து நின்றன.

"இங்க பாருங்க சார், கட்டிகிட்ட நாரு எப்படி நிமிந்து நிக்குது. இப்ப ஓரத்தப் பாருங்க. சுருண்டு கெடக்கு. பத்தொம்பது எடத்தையும் பாத்துட்டேன். இந்த மாதிரி ஒரு எடம்கூட ஓரத்துல இல்ல. தள்ளிப் போவப் போவ மின்னல் கூடுது சார். கேன்சர்னா கொறையணும்."

அவர் வெகுநேரம் பார்த்தார். கிழங்கை மறுபடி காட்டச் சொன்னார். சீவலை மறுபடி காட்டச் சொன்னார்.

"நீ சொல்றது தப்பா இருந்தா, அந்தம்மாவுக்கு உள்ள மிச்சம் இருக்கும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் சொல்றியா?"

"சொல்றேன் சார். ஓரத்துல ஒண்ணும் இல்ல. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

டாக்டர் நிமிர்ந்தார். பதினெட்டு வருட வழக்கம் அவர் தோளில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கதவு வரைக்கும் போய் நின்றார்.

"கையெழுத்து நீ போட வேணாம். நான் போடுறேன். மூடித் தைக்கப் போறேன்," என்றார். "எட்டு நாள்ல லேப் ரிப்போர்ட் வரும். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல. உனக்கும் இருக்கக் கூடாது."

அவர் சொன்னதை வெற்றிச்செல்வி அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினாள். எட்டு நாளும் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்காம் நாள், சீவலின் ஒரு மூலையில் ஏதோ தெரிவதாகத் தோன்றி வியர்த்துவிட்டது, தட்டில் ஒட்டியிருந்த தூசி. எறையூரிலிருந்து போன் செய்த காத்தாயி, "ஏன்டி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டதற்கு, சளி என்று சொன்னாள். தான் சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தப்பாகப் போனால் அதைச் சுமக்கப் போகிறவள் தான் இல்லை என்பதுதான் அவளைத் தின்றது.

எட்டாம் நாள் காலை தையல் பிரிக்கச் சிந்தாமணி வந்தாள். விடியுமுன் கிளம்பி, ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் மாறி, பத்து மணிக்கெல்லாம் டாக்டர் அறை வாசலில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். கூடவே ஆண்டாயி. திரும்ப வர மாட்டீர்கள் என்று சொன்னவர் முகத்தைப் பார்க்கவே வந்தவள் மாதிரி சிந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பூமாலை லைட் ரூமுக்கு வந்து, "டாக்டர் கூப்புடுறாரு, உடனே," என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. வெற்றிச்செல்விக்கு அந்தப் பதினைந்து அடி தூரம் எறையூர் வரைக்கும் நீண்டது.

டாக்டர் மேஜையில் லேப் ரிப்போர்ட் இருந்தது, சிந்தாமணியும் ஆண்டாயியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் அதை அவள் பக்கம் தள்ளினார்.

"படி."

நின்றபடியே படித்தாள். கட்டி முழுமையாக எடுக்கப்பட்டுள்ளது. ஆறு ஓரங்களிலும் புற்று இல்லை. கூடுதலாக எடுத்த சீவலிலும் புற்று இல்லை, அயல் பொருள் துகள்கள் மட்டும் உள்ளன. அக்குளில் எடுத்துப் பார்த்த நெறிக்கட்டிகளிலும் புற்று பரவவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"அவங்களுக்குச் சொல்லு," என்றார் டாக்டர். "நீதான் சொல்லணும். நான் சொன்னா ரிப்போர்ட் மாதிரி இருக்கும்."

வெற்றிச்செல்வி திரும்பினாள். சிந்தாமணி வாயைத் திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் சும்மா இருந்தது அந்த மருத்துவமனையில் அதுதான் முதல் தடவை.

"ஓரம் சுத்தம்க்கா. எல்லா ஓரமும். உள்ள ஒண்ணும் மிச்சமில்ல."

ஆண்டாயி அப்படியே நாற்காலியில் சரிந்தாள். சிந்தாமணி எழுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு, "சார், கெளையத்தான கழிச்சீங்க?" என்றாள்.

"கெளையத்தாம்மா. இன்னும் திருச்சிக்குப் போய் ரேடியேஷன் கரண்டு வெச்சுக்கணும், மாத்திரை இருக்கு. வருவீங்கல்ல?"

"வந்துதான நிக்கிறேன்?"

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்ததை வராந்தாவில் போய்ச் சொன்ன பூமாலையை யாரும் நம்பவில்லை. பிறகு அவர் ஆண்டாயி பக்கம் திரும்பினார்.

"காயத்துல மஞ்சள் வெக்காதீங்க," என்றார். எல்லோரும் இடிக்குக் காத்திருந்தார்கள். இடி விழவில்லை. "வெச்சுட்டா, வெச்சேன்னு சொல்லிடுங்க. நான் திட்ட மாட்டேன். திட்டுனா இந்தப் பொண்ணுகிட்ட வந்து சொல்லுங்க."

தையல் பிரித்து முடிந்ததும் சிந்தாமணி, படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். லைட் ரூமில் ஸ்டூல் போட்டு இரண்டு பேரையும் உட்கார வைத்து வெற்றிச்செல்வி திரையைத் திறந்தாள். இருட்டில் நீலமும் பச்சையும் விரிந்தன.

"இதுல நான் எது?"

"எல்லாமே நீங்கதான்க்கா. இந்தச் சுருள் சுருளா இருக்கறது உங்க நாரு. இந்தப் பச்ச உங்க செல்லு. இந்த மஞ்சளா மின்னுறது மட்டும் உங்க அண்ணி."

சிந்தாமணி சிரித்த சிரிப்பில் தையல் பிரித்த இடம் வலித்து, "அய்யோ அம்மா," என்று பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். "பாத்தியா அண்ணி, உள்ளாரயும் வந்து உக்காந்துக்கிட்டிருக்க." ஆண்டாயி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

கிளம்பும்போது ஆண்டாயி பையோடு முன்னால் போனாள். சிந்தாமணி லைட் ரூம் வாசலில் நின்றாள். வெற்றிச்செல்வியின் வலது கையைப் பிடித்து இழுத்து, கூச்சநாச்சம் எதுவும் இல்லாமல், தன் இடது மார்பின் மேல், கட்டுக்குப் பக்கத்தில், பதித்து வைத்துக்கொண்டாள்.

"இருக்கு பாத்தியா?"

முப்பத்தொரு பெண்களின் சதையை வெற்றிச்செல்வி அதுவரை கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்திருந்தாள். எல்லாம் துண்டு, எல்லாம் சில்லிட்டது. இது சேலைக்கு அடியில் சூடாக இருந்தது. அதற்கும் அடியில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எட்டு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து அவளுக்குக் கண்ணில் வந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"இருக்குக்கா," என்றாள்.